ஏப்ரனின் இடது ஓரம்

பயந்த நேரங்களில் நேர்ந்துகொண்டதை எல்லாம் ஒழுங்காக நிறைவேற்றியிருந்தால், இந்நேரம் நான் வேளாங்கண்ணியிலேயே குடியிருக்க வேண்டும். நடந்து வருகிறேன் என்று மாதாவிடம் சொன்னது மட்டும் எட்டொன்பது தடவை இருக்கும். ஒரு தடவை மகளுக்குக் காய்ச்சல். ஒரு தடவை ஸ்கூட்டரில் பிரேக் பிடிக்கவில்லை. ஒரு தடவை பக்கத்துத் தெரு நாய். அந்த நாயைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள் என்பது நேர்ந்து முடித்த பிறகுதான் தெரிந்தது. மொட்டை போடுவதாகவும் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். என் தலையில் மிச்சம் இருப்பதைப் பார்த்தால், ரிஜெக்ட் பீஸைக் கொண்டுபோய்க் காணிக்கை வைத்த பாவம்தான் சேரும்.

என் மனைவி எதையும் நேர்ந்துகொள்வதில்லை. தினமும் சாயங்காலம் ஏழரை மணிக்கு ஜெபமாலை, அதோடு அவள் வேலை முடிந்தது.

எங்கள் வீடு திருமுருகன்பூண்டியில் இருக்கிறது. எதிர்ப்பக்கம் சிற்பக்கூடம். அந்தப் பக்கம் யாரோ ஒரு பிள்ளையாருக்குக் காது செதுக்கிக்கொண்டிருப்பார்கள், இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருப்போம். மனைவி நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். அவள் ஜெபம் சொல்லும் வேகத்தில் ஓவர்லாக் மிஷின் ஓடினால் எங்கள் கம்பெனியின் அன்றைய டார்கெட் மத்தியானமே முடிந்துவிடும். ஒரு ஜெபமாலைக்கு ஐந்து மறையுண்மைகள், ஒவ்வொன்றுக்கும் பத்து மரியே. நான் மூன்றாவதில் தூங்கிவிடுவேன். மகிழ்ச்சி மறையுண்மை நாட்களில் மூன்றாவதில் பெத்லகேமில் குழந்தை பிறக்கும். பிறந்த குழந்தையோடு நானும் கண்ணயர்ந்துவிடுவேன் என்று சொல்லிச் சமாளிக்கலாம். துயர மறையுண்மை நாட்களில் மூன்றாவதில் ஆண்டவருக்கு முள்முடி சூட்டுவார்கள். அப்போதும் தூங்குவேன். அதற்குச் சமாதானம் எதுவும் கிடைக்கவில்லை.

ஆக, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான்காவது, ஐந்தாவது மறையுண்மைகளை நான் முழிப்போடு சந்தித்ததில்லை. கடைசியில் வரும் மன்றாட்டு மாலைக்குத் தூக்கத்திலேயே பதில் சொல்வேனாம். ஒருநாள் மனைவி 'விடியற்காலத்தின் நட்சத்திரமே' என்று சொன்னதற்கு 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்பதற்குப் பதிலாக 'ரீசெக்' என்றேன் என்று மகள் இன்றுவரை சாதிக்கிறாள். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. சாப்பாட்டுக்கு எழுப்புவார்கள்.

எனக்கு வேலை, குழந்தைகளுக்கான பனியன் துணி தைக்கும் கம்பெனியில். பேக்கிங் இன்சார்ஜ். தைத்து, செக்கிங் முடித்து, அயர்ன் செய்து, மடித்துப் பாலிபேக்கில் போட்ட பீஸ் ஒவ்வொன்றும் பெட்டிக்குள் போகும் முன்னால் ஊசி மிஷினுக்குள் போய் வர வேண்டும். ஓடும் பெல்ட்டின் மேல் சின்ன வாசல் வைத்தது போல இருக்கும் அது. துணிக்குள் ஊசி உடைந்த முனை ஒன்று மணல் அளவு இருந்தாலும் கத்தி ஊரைக் கூட்டும். இரும்பு என்றால்தான் கத்தும். அலுமினியம், பித்தளை எல்லாம் அதற்குக் கண்ணுக்கே தெரியாது.

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு குழந்தையைத் தெரியும். பனி பெய்யும் ஏதோ ஊரில் தொட்டிலில் படுத்திருக்கும் குழந்தை. நாங்கள் தைத்த சட்டையைப் போட்டிருக்கும். அதன் கழுத்துப் பட்டிக்குள் ஒரு ஊசி முனை இருக்கும். நான் கண்ணை மூடினால் அது வீல் என்று அழும். இந்த ஒன்றில் மட்டும் என் பயத்தை நானே கிண்டல் செய்வதில்லை. ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் வேறு.

பேக்கிங் அறை வாசலில் ஒரு போர்டு எழுதி மாட்டினேன். 'இரும்பு எதுவும் உள்ளே வரக்கூடாது. ஊக்கு, ஹேர்பின், சாவி, ஸ்டேப்ளர் பின் உட்பட. முதல் தடவை பிடிபட்டால் மூன்று நாள் வேலை இல்லை. இரண்டாம் தடவை நிரந்தரமாக வேலை இல்லை.' கீழே என் கையெழுத்து.

எங்கள் ஓனர் அதை நின்று படித்தார். "ஏனுங்க, கொஞ்சம் காட்டமா இருக்குதுங்களே" என்றார்.

"பயம் இருந்தாத்தாங்க சார் பீஸ் சுத்தமாப் போகும்" என்றேன். பயத்தில் எனக்கு இருக்கும் அனுபவத்தைப் பார்த்து அவரும் ஒத்துக்கொண்டார்.

தினமும் காலையில் கையடக்க டிடெக்டர் ஒன்றை வைத்துக்கொண்டு வாசலில் நின்று, உள்ளே வருகிற எல்லோரையும் சோதித்து விடுவேன். என்னை யாரும் சோதிப்பதில்லை. அது தேவை என்று எனக்கும் தோன்றியதில்லை.

போர்டு மாட்டிய முதல் வாரமே மாட்டியவள், செக்கிங் மேசையில் இருக்கும் தூத்துக்குடிக்காரப் பெண். எங்கள் பங்குக் கோயிலுக்குத்தான் வருவாள். அந்த ஹாலிலேயே நல்ல கை அவளுக்கு. பீஸைத் தொட்ட உடனே எங்கே நூல் பிரிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். சேலை மடிப்புக்குள் ஒரு ஊக்கு இருந்தது. "மறந்துட்டேன் அண்ணாச்சி" என்றாள். போர்டைக் காட்டினேன். மூன்று நாள் வீட்டுக்கு அனுப்பினேன். அந்த வருடம்தான் பிள்ளையை இங்கே பள்ளியில் சேர்த்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது இந்தக் கதையைக் கொஞ்சம் மீசையை முறுக்கிக்கொண்டுதான் சொன்னேன். இன்னொரு தடவை மாட்டினால் வேலையே போய்விடும் என்று எச்சரித்து அனுப்பியதையும் சொன்னேன். மனைவி என் தட்டில் இன்னும் இரண்டு துண்டு முருங்கைக்காயைப் போட்டாள். அவள் பிறந்த ஊர் மூலனூர். முருங்கைக்காய்க்குப் பஞ்சமே இல்லாத குடும்பத்திலிருந்து வந்தவள். அவள் கேட்காமல் முருங்கைக்காய் போட்டால், பேச்சை நிறுத்து என்று அர்த்தம். அதைக் கடித்து உறிஞ்சிக்கொண்டே யாராலும் வீரம் பேச முடியாது.

அப்புறம் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. பாதம் வரைக்கும் மூடியிருக்கும் பாப்பா உடுப்பு. எனக்குப் பதற்றம் வந்தால் ஒரு பழக்கம் உண்டு: வேலையில் சட்டைக்கு மேல் கட்டும் ஏப்ரனின் இடது ஓரத்தைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை துவைக்கும்போது மனைவி அதைத் தூக்கிக் காட்டினாள்.

"ஏனுங்க, இந்த ஓரம் மட்டும் என்னுங்க இப்படி இருக்குது? மாடு மென்னு துப்புன மாதிரி."

"டென்சன்" என்றேன்.

"அப்படீங்களா" என்று சொல்லிவிட்டுத் துவைக்கப் போய்விட்டாள்.

அந்த ஆர்டரின் கடைசி நாள். மூன்று மணிக்கு வெளியிலிருந்து தரம் பார்க்கும் க்யூசி வந்து பார்த்துவிட்டால் பெட்டிகள் லாரி ஏறிவிடும். நான் காலையிலிருந்தே மேசை மேசையாகச் சாய்ந்து, மடித்து வைத்த உடுப்புகளைப் பிரித்து, காலுக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேண்டம் செக் என்று அதற்குப் பெயர். சும்மா இருக்க முடியாதவன் செய்கிற வேலை என்று செக்கிங் பெண்கள் பெயர் வைத்திருந்தார்கள்.

பதினொன்றரை மணிக்கு ஊசி மிஷின் கத்தியது.

மிஷினில் நிற்பவர் ஒடிசாக்காரர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். "மிஷின் ரோ ரஹா, சார். அழுவுது" என்றார், பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பற்றிச் சொல்வது போல.

அழுதது மிஷின் இல்லை, நான்தான். ஊசி முனை ஒன்று கிடைத்தால், அது எந்த மிஷினில் உடைந்தது, மீதி முனை எங்கே, வேறு எந்தப் பீஸில் இருக்கிறது என்று அத்தனை பெட்டியையும் பிரிக்க வேண்டும். மூன்று மணிக்குள் அது நடக்கிற காரியமா. முதலில் அந்தோணியாரைக் கூப்பிட்டேன். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அவர். பாதி ஜெபத்தில்தான் எனக்கு உறைத்தது: எனக்குத் தேவை கண்டுபிடிப்பது இல்லை, அங்கே ஊசியே இல்லை என்று ஆவது. இருப்பதை இல்லை என்று ஆக்கித் தருகிற புனிதர் யார் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தத் துறைக்குத் திருச்சபையில் ஆள் போடவில்லை போலிருக்கிறது. நேராக மாதாவிடமே போனேன். வேளாங்கண்ணிக்கு ஒன்பதாவது முறையாக நடந்தேன். டீயை விட்டுவிடுகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்து, சாயங்கால டீயை மட்டும் என்று திருத்தினேன். இவ்வளவு நேரமும் என் இடது கை ஏப்ரன் ஓரத்தைத் தேடித் தேடி முறுக்கிக்கொண்டிருந்தது.

கத்தின தட்டில் இருந்த பத்து பீஸையும் ஒவ்வொன்றாக விட்டோம். ஏழாவது கத்தியது. மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, பாலிபேக்கைப் பிரித்து, உடுப்பைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். வலது பாதத்துக்குள்ளிருந்து ஏதோ டிங் என்று தாளில் விழுந்தது.

ஊசி இல்லை. கட்டைவிரல் நக அளவில் ஒரு மாதா மெடல். மெடல் அலுமினியம்தான், அதன் தலையில் கோத்திருந்த சின்ன வளையம் இரும்பு. மாதாவை மிஷின் மரியாதையாக விட்டுவிட்டு, வளையத்தைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

ஹாலில் எல்லோரும் அந்தத் தூத்துக்குடிப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள். பேக்கிங்கில் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதில் என்னை யாரும் பார்க்கவில்லை. இன்சார்ஜைச் சந்தேகப்படுகிற வழக்கம் எங்கள் கம்பெனியில் இல்லை. அவளோ வேலை செய்யும்போது வாய்க்குள் ஜெபம் முணுமுணுக்கிறவள். ஏற்கெனவே ஊக்கில் மாட்டியவள்.

"எனது இல்ல அண்ணாச்சி" என்றாள்.

வேறு யாருடையது என்று அதிகாரமாகக் கேட்பதற்கு நான் மூச்சை இழுத்தேன். பழக்கதோஷத்தில் இடது கை ஏப்ரன் ஓரத்துக்குப் போனது. அங்கே மடிப்பு பிரிந்து, இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை நூல். கம்பெனியில் மிச்சமான பச்சை நூல் கோன் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியின் தையல் டப்பாவில் போட்டவன் நானேதான். மடிப்பின் உள்பக்கத்தில், கட்டைவிரல் நக அளவில், வட்டமாக ஒரு தடம்.

ஓரத்தை அப்படியே கைக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டேன்.

ஓனர் வந்துவிட்டார். "கண்டுபுடிச்சாச்சுங்களா? யாருதுங்க அது?"

"தெரியலீங்க சார்" என்றேன். "விசாரிச்சுச் சொல்றேனுங்க."

சொல்லிவிட்டு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் வரை எனக்குத் தெரியாதுதானே. இப்போது சொன்னால் க்யூசி வருகிற நேரத்தில் குழப்பம். லாரி போகட்டும், நாளைக்குப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். நாளைக்குள் அவளை வெளியே அனுப்பியிருப்பார்கள் என்பதை மனசு சாமர்த்தியமாகத் தாண்டிக் குதித்தது.

ஒடிசாக்காரர் மெடலைக் குனிந்து பார்த்தார். "சார், உங்க வண்டில இதே அம்மா இருக்கு. ஸ்டிக்கர்" என்றார். குற்றம் சாட்டவில்லை. தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷம்.

"எல்லா வண்டிலயும் இருக்கும்ப்பா. போய் பெல்ட்டப் பாரு" என்றேன்.

அந்தப் பெண் எனக்கு முன்னால் வந்து நின்றாள். "அண்ணாச்சி, நீங்களும் கோயிலுக்கு வாறவங்கதான். நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது எனதுன்னு உங்களுக்குத் தோணுதா?"

நான் கூரையில் இருந்த ட்யூப்லைட்டைப் பார்த்தேன். "எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் இத இதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அதில் இருந்த அசிங்கம்.

அந்த நொடியில் ஊசி மிஷின் மறுபடி கத்தியது. ஹாலே துள்ளியது. ஒடிசாக்காரர் மட்டும் நிதானமாகக் கையை உயர்த்திக் காட்டினார். கையில் டெஸ்ட் கார்டு. மிஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, இரும்புத் துணுக்கு பதித்த அந்த அட்டையை மணிக்கு ஒரு தடவை உள்ளே விட வேண்டும். அதற்கும் ரூல் போட்டவன் நான்தான்.

"பன்னெண்டு மணி சார். டெஸ்ட்" என்றார்.

ஆண்டவரையே யாரென்று தெரியாது என்று மூன்று தடவை சொன்ன பேதுருவுக்குச் சேவல் கூவியது. எங்கள் கம்பெனியில் கோழி வளர்க்க அனுமதி இல்லாததால் எனக்கு டெஸ்ட் கார்டு. பேதுரு வெளியே போய் அழுதார். எனக்கு லஞ்ச் பெல் அடிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

"அது என்னோடதுங்க சார்" என்றேன். குரல் எங்கோ பாலிபேக்குக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"என்னதுங்க?"

"அந்த மெடல் என்றதுங்க. காலைல காலுக்குள்ள கைய உட்டுப் பாத்தப்ப என்ற ஏப்ரன்ல இருந்துதானுங்க உள்ள உழுந்துருக்குது. என்ற சம்சாரம் வெச்சுத் தெச்சுருக்கா." ஓரத்தைத் தூக்கிப் பச்சை நூலைக் காட்டினேன்.

ஓனர் மெடலைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். வாசலில் இருந்த போர்டைப் பார்த்தார். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது.

"ஏனுங்க, உங்க சாமிய நீங்களே தொலச்சுப்போட்டு, இத்தன பேர நிக்க வெச்சு விசாரிச்சுட்டு இருந்தீங்களா?"

"ஆமாங்க சார்."

"போர்டுல கையெழுத்து யாருதுங்க?"

"என்றதுதானுங்க."

"அப்பச் செரி. மூணு நாள் ஊட்ல இருங்க."

"சார், மூணு மணிக்கு க்யூசி வர்றாங்க. நான் இல்லாம..."

"அந்தப் புள்ள பாத்துக்கும்" என்று தூத்துக்குடிப் பெண்ணைக் காட்டினார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்து என்னைப் பார்த்தாள். "நான் இப்பம் மெடல் போடுததே இல்ல அண்ணாச்சி. ஊக்குக்கு நீங்க வெளிய நிப்பாட்டுன அன்னைக்கே கழத்தி வீட்டுல வச்சாச்சு. இப்பம் உத்தரியந்தான்." கழுத்திலிருந்து பழுப்பு நிறக் கயிற்றை இழுத்துக் காட்டினாள். நுனியில் தபால்தலை அளவு துணி, அதில் கார்மேல் மாதா படம். "துணிதான. மிஷின் கத்தாது. ரூலு போட்டவுகளுக்கு இது தெரியாண்டாமா?"

ஒரு சடங்கு பாக்கி இருந்தது. ஊசி மிஷின் எதைப் பிடித்தாலும் அதை ரெஜிஸ்டரில் செல்லோ டேப் போட்டு ஒட்டி, எந்தப் பீஸில் கிடைத்தது, காரணம் என்ன என்று எழுத வேண்டும். அத்தனை ஊசி முனைகளுக்கும் கீழே மாதாவை ஒட்டினேன். 'காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"என்னுங்க சார் எழுதறது?"

ஓனர் கொஞ்சம் யோசித்தார். "பக்தின்னு எழுதுங்க" என்றார். "தடுப்பு நடவடிக்கைங்கற எடத்துல உங்க சம்சாரத்துகிட்டப் பேசறதா எழுதிக்குங்க."

ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சைத் தயார் செய்துகொண்டே வந்தேன். கோபம், மானம், இத்தனை வருட சர்வீஸ் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. சிற்பக்கூடத்து வாசலில் முகம் செதுக்காத சாமிகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. அவற்றுக்கு முன்னால் ஒருமுறை பேசியும் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

மனைவி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். "இந்நேரத்துல வந்துட்டீங்க. ஒடம்பு செரியில்லீங்களா?"

"என்ற ஏப்ரன்ல மெடல் வெச்சுத் தெச்சியா?"

"ஆமாங்க" என்றாள். ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. "உழுந்துருச்சுங்களா?"

"எதுக்கு வெச்ச?"

"டென்சன் ஆனா நீங்க அந்த ஓரத்தத்தானுங்க புடிச்சு முறுக்கறீங்க. சொன்னா நிறுத்தவா போறீங்க? முறுக்கறதே முறுக்கறீங்க, மாதாவப் புடிச்சுட்டு முறுக்குங்க, அதும் ஒரு ஜெபமாப் போகட்டும்னுதான்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். "அப்ப இந்த வாரம் பூரா நான் ஜெபம் பண்ணீட்டா இருந்தேன்?"

"நீங்க முறுக்குன முறுக்குக்கு எங்க ரெண்டு பேரையும் தாண்டியிருப்பீங்க."

நடந்ததை எல்லாம் சொன்னேன். மூன்று தடவை தெரியாது என்று சொன்னதையும் சொன்னேன். அந்தப் பெண்ணின் பேச்சு வந்ததும் கத்தி நின்றது.

"அந்தப் புள்ளைக்கு வேல?"

"இருக்குது. இப்ப அவதான் இன்சார்ஜ்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். பேசிப் பழகாத பெண்ணுக்கு இவள் எதற்கு இவ்வளவு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

சாயங்காலம் மகள் வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு மரியாதைக்காகக்கூடச் சிரிப்பை அடக்கவில்லை. "அப்பா, நான் லேட்டா வந்தாலே லெக்சர் எடுப்பீங்க. இப்ப நீங்க சஸ்பெண்டுங்களா?"

"லீவு, கண்ணு."

"போர்டுல அப்படிப் போடலியேப்பா." அத்தோடு விடாமல் வீட்டைச் சோதனை போட ஆரம்பித்தாள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒரு மெடல். என் தலையணை உறையின் மூலையில் ஒன்று. டிபன் பையின் பக்கவாட்டில் ஒன்று. நான் எங்கெங்கே பயப்படுவேன் என்று ஒருத்தி ஊசியால் வரைபடம் போட்டு வைத்திருந்தாள். "நம்ம ஊட்ட அந்த மிஷினுக்குள்ள உட்டா மிஷின் வேலைய ரிசைன் பண்ணிருமுங்கப்பா" என்றாள் மகள்.

ஏழரை மணிக்கு உட்கார்ந்தோம். மத்தியானம் வீட்டில் நன்றாகத் தூங்கிவிட்டதால் மூன்றாவது மறையுண்மையில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான்காவது வந்தது. ஐந்தாவது வந்தது. புது ஊருக்கு வந்தவன் போல உட்கார்ந்திருந்தேன். மன்றாட்டு மாலைக்கு எல்லாம் சரியான பதிலைச் சொன்னேன். எதிர்ப்பக்கம் உளிச் சத்தம்கூட நின்றுவிட்டது. முடிந்தது என்று எழப் போனவனை மகள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மனைவி கண்ணைத் திறக்காமல், அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில் பேச ஆரம்பித்தாள். மேல்வீட்டு அம்மாவின் முழங்கால். குன்னத்தூரில் என் தம்பி தோட்டத்துக் கிணறு. மகளின் அரியர் பேப்பர். அரியர் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மகளும் சட்டென்று மிகுந்த பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியாக மனைவி சொன்னாள்:

"ஊக்குல மாட்டுன அந்தப் புள்ளைக்கு வேல தப்பிச்சதுக்கு நன்றி தாயே. அவளுக்குப் பதுலா இவர வேண்ணா நாலு நாளு ஊட்ல உக்கார வெய்யின்னு கேட்டனே. மூணு நாளோட உட்டதுக்கும் நன்றி."

நான் கண்ணைத் திறந்தேன். "என்னன்னு கேட்ட?"

"ஜெபத்துக்கு நடுவுல பேசாதீங்க" என்றாள்.

மகள்தான் காதோரம் சொன்னாள். "அந்த ஊக்குக் கத சொன்னீங்களே, அன்னைல இருந்து தெனமும் இதானுங்கப்பா. அந்த அக்காவுக்காக அம்மா ஜெபம் பண்ணுவாங்க, நீங்க பக்கத்துல உக்காந்து கொறட்ட உடுவீங்க."

நான் பயமுறுத்தி வைத்தவர்களை எல்லாம் தினமும் எட்டு மணிக்கு என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒருத்தி சரிக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அதை இத்தனை நாளும் சாப்பாட்டுக்கு முந்தைய தூக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு சாப்பாட்டில் முருங்கைக்காய் கேட்காமலே வந்தது. கேட்காமலே நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆர்டர் க்யூசியில் பாஸாகிவிட்டது என்று சாயங்காலமே செய்தி வந்திருந்தது. நான் இல்லாமலே பாஸானது கொஞ்சம் வருத்தம்தான். மீதி நாட்கள் வீட்டில் இருந்தேன். மனைவி கோயிலுக்குப் போய் ஒரு உத்தரியம் வாங்கி, பங்குச் சாமியாரிடம் மந்திரித்துக்கொண்டு வந்தாள். அதைக் கழுத்தில் போடத்தான் கொடுப்பார்கள். அவள் கயிற்றைச் சுருட்டி, துணியை மடித்து, ஏப்ரனின் இடது ஓரத்தில் அதே இடத்தில் வைத்துத் தைத்தாள். கழுத்தில் போட்டால் உங்களுக்கு ஞாபகம் இருக்காது, கை போகிற இடத்தில்தான் இருக்க வேண்டும் என்றாள். அதே பச்சை நூல்.

நான்காம் நாள் காலையில் கொஞ்சம் சீக்கிரமே போனேன். ஸ்டோரிலிருந்து கறுப்பு மார்க்கரை வாங்கி, போர்டில் இரண்டாம் தடவை பற்றிய கடைசி வரியை அடித்தேன். அழுத்தி அடித்ததில் என் கையெழுத்தும் பாதி மறைந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

வாசலில் கையடக்க டிடெக்டரோடு தூத்துக்குடிப் பெண் நின்றிருந்தாள். இனிமேல் இன்சார்ஜையும் சோதிக்க வேண்டும், அதையும் அவளே செய்ய வேண்டும் என்று ஓனர் சொல்லியிருக்கிறாராம்.

வழியில் ஒரு வார்த்தை தயார் செய்து வந்திருந்தேன். "அன்னைக்கு நான் மூணு தடவ தெரியாதுன்னு சொன்னேன் பாரு, அதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"கையத் தூக்குங்க அண்ணாச்சி" என்றாள்.

தூக்கினேன். தோள், பை, இடுப்பு, முழங்கால் என்று பொறுமையாகக் கொண்டுபோனாள். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. ஒடிசாக்காரர் எட்டிப் பார்த்தார். தலையணைக்குள் இருந்தது போல வேறெங்காவது எனக்கே தெரியாமல் ஒன்று இருந்துவிட்டால் என்ற எண்ணம் வந்தது. தூக்கிய இடது கை தானாக இறங்கி ஓரத்துக்குப் போனது. மெத்தென்று ஒரு துணி விரலில் பட்டது. அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தேன். எதையும் நேர்ந்துகொள்ளவில்லை.

டிடெக்டர் அந்த ஓரத்துக்கு வந்தது. கத்தவில்லை.

அவள் குனிந்து, மடிப்பை விரலால் லேசாக அகட்டி, உள்ளே இருப்பதைப் பார்த்தாள். ஒரு நொடி அதைத் தொட்டு விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள். பிறகு செக்கிங்காரியாக மாறி, தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள்.

"ஒத்தத் தையல்தான் போட்டிருக்காவ அண்ணாச்சி. நீங்க முறுக்குத முறுக்குக்கு இது நிக்காது. மதினிகிட்டச் சொல்லி ரெட்டைத் தையல் போட்டுட்டு வாங்க."